பெயர் எழுதாத கேசட்டில் 80-களின் பிரிட்டிஷ் கிட்டார் பாப்: எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பாற்றுவது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். மாமா 1985 முதல் 1988 வரை லீட்ஸில் படித்தார். அங்கே அவர் பதிவு செய்த டி.டி.கே. டி90 கேசட் ஒன்று பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. அட்டையில் ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை. முழுக்கக் கிட்டார் பாட்டுகள், பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள். ஸ்மித்ஸ் குழுவை எனக்கு நன்றாகத் தெரியும்; இது அவர்கள் இல்லை. ஆனால் அதே காலம், அதே கலகலக்கும் கிட்டார்.

ஏ பக்கத்தின் மூன்றாவது பாட்டில் டிரம்பெட் வருகிறது, கூடவே வயலின் மாதிரி ஒன்று. அடுத்ததில் பெண் குரல். குரல் மென்மை, கிட்டார் ஒரே இரைச்சல். பி பக்கத் தொடக்கத்தில் ஒருவர் கரகரப்பாகப் பாட, கிட்டார் மூச்சு விடாமல் படுவேகமாக அடிக்கப்படுகிறது. நடுவில் ஒரு பாட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதுதான் இருப்பதிலேயே அழகு.

செல்போனில் பாட்டுக் கண்டுபிடிக்கும் செயலி எதையும் பிடிக்கவில்லை. ஒலி மந்தமாக இருக்கிறது. டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதைக் கணினியில் ஏற்றுவது எப்படி? பாட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வகையில் இன்னும் கேட்க எங்கே தொடங்குவது?


வெண்ணாறு (தஞ்சாவூர்)

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த வெள்ளை. அது பூஞ்சணம். இனி அந்தக் கேசட்டை ஓட்டாதீர்கள். ஓட்டினால் பூஞ்சணம் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அங்கிருந்து அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். ஏற்கெனவே ஓட்டிய பிளேயரையும் துடைக்காமல் வேறு கேசட் போட வேண்டாம்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வீட்டுக் காற்றில் எதுவும் காயாது; மாசி, பங்குனியாக இருந்தால் சீக்கிரம் உலரும். வெயிலில் வைக்கவே கூடாது. டேப்பும் வளையும், பிளாஸ்டிக் கூடும் வளையும். உலர்ந்த பூஞ்சணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். சுருளின் ஓரத்தைத் தேய்க்க வேண்டாம். கூடு திருகாணி போட்டதாக இருந்தால் கழற்றி, டேப்பை மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிடுவது உத்தமம். அப்போதே அழுத்தத் திண்டையும் பாருங்கள். ஹெட்டுக்கு எதிரே செம்புப் பட்டையில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு அது. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் படியாது, மேல் ஒலி முழுக்கப் போய்விடும். உங்கள் மந்தத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

பிறகு ஓட்டும் கருவி. சந்தையில் கிடைக்கும் மலிவான யூ.எஸ்.பி. கேசட் பிளேயர் வேண்டாம், வேகம் தள்ளாடும். ஊரில் பழைய மைக்செட் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். நாகூர் ஹனிபா, சீர்காழி கேசட்டுகளை ஓட்டிய நல்ல டெக்குகள் அங்கே தூங்குகின்றன. அதில் பெல்ட் மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும். பழைய ரப்பர் பெல்ட் தாராய் உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் புது பெல்ட் போட்டால் வேகம் நிற்காது. ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

ஓட்டும் முன் இரண்டு பக்கமும் ஒரு முறை முழுக்கச் சுற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் இறுகிய சுருள் தளரும். உங்களுடையது போன்ற 90 நிமிட (சி90) டேப் 12 மைக்ரான் கனம்தான், சி60-ஐவிட மெல்லியது. அதனால் ஓட்டி, நிறுத்தி, திருப்பி என்று விளையாட வேண்டாம். ஒரே ஓட்டத்தில் பதிவு செய்துவிட்டு, கேட்பதையெல்லாம் கணினியில் கேளுங்கள்.

அடுத்து ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் இரு பக்கத்திலும் திருகாணி இருக்கும்; ஸ்பிரிங் உள்ளதுதான் சாய்வுக்கானது. இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கு மேல் போகாமல் இப்படி அப்படித் திருப்புங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் எந்த இடத்தில் சிம்பல் பளிச்சென்று திறக்கிறதோ அதுதான் இடம். மாமாவின் டெக்கில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் இந்த டேப்பும் பேசும். பி பக்கத்துக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இண்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினி. லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள்; அது மோனோ, ஒலியும் உடையும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 780 எம்.பி. வரும். டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி பொத்தானைப் போட்டும் போடாமலும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அட்டையில் டிக் அடித்திருந்தால் அதை நம்பலாம். அடியில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மின்வெட்டு நேரத்தில் சதுர அலை இன்வர்ட்டரில் ஓட்டிப் பதிவு செய்ய வேண்டாம். அந்த இரைச்சலைப் பின்னால் நீக்கப் போனால் கிட்டாரும் சேர்ந்து போய்விடும்.

செயலி பிடிக்காததற்கு வேகமே காரணமாக இருக்கலாம். பெல்ட் தளர்ந்து வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். சில சதவீதம் விலகினாலே அந்தச் செயலிகள் தடுமாறும். நாலைந்து பாட்டுகளில் கிட்டார் தனியாக ஒலிக்கும் இடத்தை ட்யூனரில் காட்டுங்கள். எல்லாமே ஏறக்குறைய 50 சென்ட் (அரை சுரத்தில் பாதி) இறக்கமாக இருந்தால் டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. வேகத்தை 3 சதவீதம் ஏற்றுங்கள். அரை சுரம் முழுதாக இறங்கியிருந்தால் 6 சதவீதம். ஒரே ஒரு பாட்டு மட்டும் விலகினால் கை வைக்காதீர்கள், அந்தக் குழு அப்படித்தான் சுருதி சேர்த்திருக்கும். மென்பொருளில் சுருதியும் தாளமும் சேர்ந்து மாறும் 'வேகம்' என்ற வசதியைத்தான் எடுக்க வேண்டும், 'தாளம்' மட்டும் மாற்றுவதை அல்ல.


ஏழங்குலம் (மன்னார்குடி)

அரசலாறு சார், நீங்கள் சொன்ன அடையாளங்களே பாதி வேலையை முடித்துவிட்டன.

டிரம்பெட்டும் வயலின் மாதிரியும்: அது வயோலாவாக இருந்தால் லண்டன் குழுவான தி ஜூன் பிரைட்ஸ். 1984-ல் வந்த 'எவ்ரி கான்வர்சேஷன்' சிங்கிளையும் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு), 1985-ல் பிங்க் என்ற லேபிளில் (தட்டு வெளியிடும் கம்பெனி) வந்த 'தேர் ஆர் எயிட் மில்லியன் ஸ்டோரீஸ்' தட்டையும் போட்டு ஒப்பிடுங்கள். பிரிஸ்டலின் தி பிரில்லியண்ட் கார்னர்ஸ் குழுவிலும் டிரம்பெட் உண்டு. வயோலாதான் இரண்டையும் பிரிக்கும்.

மென்மையான பெண் குரலும் இரைச்சல் கிட்டாரும்: எடின்பரோவின் ஷாப் அசிஸ்டண்ட்ஸ் என்றே முதலில் பாருங்கள், 1986-ன் 'சேஃப்டி நெட்'. பெண் குரல் ஒன்றுக்கு மேல் இருந்து, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பாடினால் ஆக்ஸ்ஃபோர்டின் டலுலா காஷ்.

படுவேகமான கிட்டாரும் கரகரப்பும்: லீட்ஸ் என்றதுமே தி வெட்டிங் பிரசெண்ட்தான். அதே ஊர்க்காரர்கள், ரிசெப்ஷன் என்று சொந்த லேபிள் நடத்தியவர்கள். 1987-ன் 'ஜார்ஜ் பெஸ்ட்' ஆல்பத்தை ஒரு முறை ஓட்டினால் அந்த வலக்கையை வேறு யாருடையது என்றும் சொல்ல மாட்டீர்கள்.

ஒன்றரை நிமிடத்துக்குள் முடிவது: பிரைமல் ஸ்க்ரீமின் 'வெலாசிட்டி கேர்ள்' என்று நினைக்கிறேன். 1986-ல் கிரியேஷன் லேபிளில் 'கிரிஸ்டல் கிரெசெண்ட்' சிங்கிளின் பின்பக்கமாக வந்தது. பன்னிரண்டு தந்திக் கிட்டார்தான் பாட்டே. 1991-ன் 'ஸ்க்ரீமடெலிகா' வழியாக இந்தக் குழுவை அறிந்தவர்கள் இதையும் அவர்கள்தான் பாடினார்கள் என்றால் நம்புவது கடினம்.

இப்போது தேடும் முறை. இந்த இசையைக் குழுப் பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரம் முட்டுச்சந்து வரும். லேபிளை வைத்துத் தேட வேண்டும். பல குழுக்கள் ஆல்பம் போடவே இல்லை. இரண்டு, மூன்று ஏழங்குல சிங்கிளோடு முடிந்தன. அவற்றைக் கடைகளுக்குக் கொண்டுபோனது கார்ட்டெல் என்ற விநியோகக் கூட்டு: லண்டனில் ரஃப் டிரேட், யார்க்கில் ரெட் ரைனோ, பிரிஸ்டலில் ரிவால்வர், லிவர்பூலில் புரோப், எடின்பரோவில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட், நாரிச்சில் பேக்ஸ், லெமிங்டன் ஸ்பாவில் நைன் மைல். 1980 ஜனவரியில் தொடங்கிய இண்டி (சிறு லேபிள்களின்) விற்பனைப் பட்டியலில் இடம்பெற இசை எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தட்டு பெரிய கம்பெனி வழியாகப் போகாமல் இருந்தால் போதும். 1988-ல் ரெட் ரைனோ விழுந்தது, 1991-ல் ரஃப் டிரேட் விநியோகம் விழுந்தது. சின்ன லேபிள்களுக்கு வர வேண்டிய பணம் அதோடு போயிற்று, மறு அச்சு நின்றது. நல்ல பாட்டுகள் காணாமல் போனதற்கு ரசனையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வழி அடைந்துபோனதுதான் காரணம்.

ஆகவே இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒரு லேபிளைத் திறந்து, பட்டியல் எண் வரிசையில் அடுக்கி, 1-லிருந்து கேட்டுக்கொண்டே வாருங்கள். இதற்கு சாரா ரெக்கார்ட்ஸைவிடச் சிறந்த இடம் கிடையாது. பிரிஸ்டலில் கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் இருவரும் 1987-ல் தொடங்கினார்கள். சாரா 1 தி சீ அர்ச்சின்ஸின் 'பிரிஸ்டீன் கிறிஸ்டீன்'. 1995-ல் சாரா 100 வந்ததும் தாங்களே கதவைச் சாத்திவிட்டார்கள். நடுவில் சாரா 50 ஒரு காய் நகர்த்தும் பலகை விளையாட்டு. சாரா 100 தவிர மற்ற தொகுப்புத் தட்டுகளுக்கு இந்த வரிசை எண் கிடையாது. பிரிஸ்டல் பக்கத்து ஊர், தெருப் பெயர்களைத் தலைப்பாக வைத்து, பஸ் தட எண்ணைப் பட்டியல் எண்ணாகக் கொடுத்தார்கள். அதனால் 500, 600 என்று எண்களைப் பார்த்து, நடுவில் ஏதோ விட்டுப்போயிற்று என்று தேட வேண்டாம். சிங்கிளில் வந்ததை ஆல்பத்தில் திரும்பப் போடுவதையும் பெரும்பாலும் தவிர்த்தார்கள். ஆல்பம் மட்டும் கேட்டால் இவர்களின் சிறந்த பாதி உங்களுக்குக் கிடைக்காது. உதாரணம் தி ஃபீல்ட் மைஸ்: 'சென்சிடிவ்', 'மிஸ்ஸிங் தி மூன்' எல்லாம் சிங்கிள்கள். அவற்றைச் சேர்த்துக் கேட்க 1998-ல் ஷின்கான்சென் லேபிள் வெளியிட்ட இரட்டை சி.டி. 'வேர்ட் யூ லேர்ன் டு கிஸ் தட் வே?' போதும். (முதல் சிங்கிளே 1988-ல்தான் என்பதால் உங்கள் கேசட்டில் இவர்கள் இருக்க வாய்ப்பு குறைவு.)

சாராவுக்கு முன்னால் போக: கிளாஸ்கோவின் போஸ்ட்கார்ட், 1980-81 மட்டும், ஆரஞ்சு ஜூஸ், ஜோசஃப் கே, ஆஸ்டெக் கேமரா. பிறகு ஸ்காட்லாந்தின் ஃபிஃப்டி தேர்ட் அண்ட் தேர்ட், பிரிஸ்டலின் சப்வே. இவை மூன்றும் கைக்கு அடக்கமான பட்டியல்கள்.

எல்லோரும் சி86-இல் தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். என்.எம்.இ. பத்திரிகை 1986-ல் வெளியிட்ட அந்த 22 பாட்டுக் கேசட்டில் ஏறக்குறைய பாதி நீங்கள் தேடும் இசையே இல்லை. ஸ்டம்ப், பாக்ஷெட், பிக் ஃபிளேம், எ விட்னஸ் எல்லாம் கரடுமுரடான, கோணல் தாளக் குழுக்கள். நல்ல குழுக்கள், ஆனால் வேறு வழி. அதிலிருந்து குளோஸ் லாப்ஸ்டர்ஸ், தி பாடைன்ஸ், தி சர்வண்ட்ஸ், மெக்கார்த்தி, தி பேஸ்டல்ஸ் ஆகியோரைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். முழுப் பத்தாண்டையும் விரித்துப் பார்க்க செர்ரி ரெட் 2013-ல் போட்ட 'ஸ்கேர்ட் டு கெட் ஹாப்பி', ஐந்து சி.டி., 134 பாட்டு. அதிலும் ஆழமாகத் தோண்ட பெர்லினின் ஃபயர்ஸ்டேஷன் வெளியிட்ட 'தி சவுண்ட் ஆஃப் லெமிங்டன் ஸ்பா' வரிசை. அதில் வருகிற பல குழுக்களின் பெயரை வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள்.


அரசலாறு (கும்பகோணம்)

இருவருக்கும் மிக்க நன்றி. பூஞ்சணம் தட்டி, டேப்பைப் புதுக் கூட்டுக்கு மாற்றி, பெல்ட் மாற்றிய டெக்கில் ஓட்டியாயிற்று. சாய்வைச் சரி செய்ததும் கிட்டார் கண்ணாடி மாதிரி வருகிறது. வெட்டிங் பிரசெண்ட், பிரைமல் ஸ்க்ரீம் இரண்டும் சரி. டிரம்பெட் பாட்டு ஜூன் பிரைட்ஸ்தான், வயோலா தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் பி பக்கத்தில் தொடர்ந்து நான்கு பாட்டு ஒரே குழு. செயலி இப்போதும் ஒன்றையும் பிடிக்கவில்லை, வரிகளை வைத்துத் தேடி ஒரு பாட்டின் பெயர் தெரிந்தது. இணையத்தில் அதைப் போட்டால் பாட்டு அதேதான், ஆனால் டிரம்ஸ் வேறு, முடிவு வேறு. கடைசியில் ஓர் ஆண் குரல் இரண்டு வார்த்தை பேசி வெட்டுப்படுகிறது. இன்னொன்று: சாரா லேபிள் வரிசையில் ஹெவன்லி என்ற குழுவைப் பார்த்தேன்; அதைத் தேடினால் ஹெவி மெட்டல் வருகிறது!


கடைமடை (வேதாரண்யம்)

ஒரே குழு, நான்கு பாட்டு, நடுவில் வேறு அமைப்பு, கடைசியில் பேச்சு. அது பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சியிலிருந்து பிடித்த செஷன் என்பதற்கு எல்லா லட்சணமும் இருக்கிறது. பி.பி.சி. ரேடியோ 1 ஸ்டுடியோவுக்குக் குழுவை அழைத்து ஒரே நாளில் வழக்கமாக நான்கு பாட்டு பதிவு செய்வார்கள். சிங்கிளுக்கு முன்பே பதிவானதும் உண்டு, அதனால் வரிகூட மாறியிருக்கும். செயலியிடம் இருப்பது வெளியான தட்டின் தடயம் மட்டுமே. செஷன் வெளியாகவில்லை என்றால் வேகத்தை எவ்வளவு சரி செய்தாலும் பிடிக்காது.

ஒலியை வைத்தும் சோதிக்கலாம். அந்தக் காலத்தில் வார நாட்களில் ரேடியோ 1 பகலில் பெரும்பாலும் மத்திய அலைதான், இரவு 10 முதல் 12 வரை ரேடியோ 2-வின் எஃப்.எம். அலைவரிசையைக் கடன் வாங்கியது. அந்த நான்கு பாட்டும் நல்ல ஸ்டீரியோவாக இருந்தால் அந்த இரவு நேரத்துப் பதிவு. இதே மாதிரி, இந்தியாவிலிருந்தே உலக சேவையைச் சிற்றலையில் பிடித்துப் பதிவு செய்த கேசட் யாரிடமாவது இருந்தால், அதில் ஒலி ஏறி இறங்குவது டேப்பின் கோளாறு அல்ல. அதைச் சரி செய்யப் போய் டெக்கைக் கெடுத்துவிடாதீர்கள்.

குழுவின் பெயரையும் செஷன் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் பதிவு நாளும் நான்கு பாட்டுப் பெயரும் வரிசையாகக் கிடைக்கும். உங்கள் நான்கும் அதே வரிசையில் இருந்தால் முடிந்தது. 1986-லிருந்து ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் லேபிள் சில செஷன்களைத் தட்டாகவும் போட்டது. அதில் இல்லாவிட்டால் உங்கள் கேசட்டின் பதிவுக்கு மதிப்பு அதிகம். வெட்டாமல், பேச்சையும் சேர்த்து, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக வையுங்கள். அந்த இரண்டு வார்த்தைதான் நாளைக்கு நாள் குறிக்க உதவும்.

ஃபிளெக்ஸி தட்டு யாருக்காவது கிடைத்தால்: சிற்றிதழோடு இலவசமாகக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் அது, தனியாக வைத்தால் வழுக்கும், முள் ஒரே இடத்தில் நிற்கும். கீழே ஒரு சாதாரண எல்.பி. தட்டு, மேலே நடு வட்டத்தில் ஒரு நாணயம். முள்ளின் எடையைக் கூட்டாதீர்கள், தட்டின் வரிப்பள்ளம் தேய்ந்துவிடும்.


ஏழங்குலம் (மன்னார்குடி)

ஒரே பெயர்க் குழப்பம் இந்த வகையில் தீராத தலைவலி. ஹெவன்லி என்று பிரான்சில் ஒரு மெட்டல் குழு உண்டு. ஹெவன்லி என்ற பெயரில் லண்டனில் ஒரு லேபிளும் உண்டு. ஃபெல்ட் என்று போட்டால் அமெரிக்க ராப் வரும். தி வேக் என்று போட்டால் அமெரிக்க கோத் குழு வரும், நமக்கு வேண்டியது கிளாஸ்கோ வேக். ஸ்ட்ரீமிங் தளங்கள் சில நேரம் இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகின்றன. ஆகவே குழுப் பெயரோடு ஒரு தட்டின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். உங்களுக்கு வேண்டிய ஹெவன்லி, டலுலா காஷில் பாடிய அமீலியா ஃப்ளெச்சரின் அடுத்த குழு. அவரே நடத்தும் ஸ்கெப் வாக்ஸ் லேபிள் 2022 முதல் அந்த ஆல்பங்களை மறுபடி வெளியிட்டு வருகிறது.

ஃபெல்ட் பற்றி ஒரு வரி: பத்து வருடம், பத்து ஆல்பம், பத்து சிங்கிள் என்று கணக்கோடு முடித்துக்கொண்ட பர்மிங்காம் குழு. 'ஃபாரெவர் பிரீத்ஸ் தி லோன்லி வேர்ட்' (1986) முதலில், மற்றதெல்லாம் பிறகு.

மெக்கார்த்தியை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். 'ஐ ஆம் எ வாலட்' (1987). இனிமையான மெட்டு, கிட்டார் தேனாக ஓடும், வரிகளைக் கவனித்தால் கடுமையான இடதுசாரி அரசியல். அந்தக் கிட்டார்காரர் டிம் கேன்தான் பின்னாளில் ஸ்டீரியோலேப் தொடங்கியவர்.

தட்டு வாங்குவதானால்: இங்கிலாந்திலிருந்து ஒரு ஏழங்குலத்துக்குத் தபால் செலவு தட்டின் விலையையே தாண்டிவிடும், சுங்கமும் வரலாம். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்குங்கள். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வரும் வழியில் உறையின் ஓரம் கிழியும். சித்திரை, வைகாசியில் வரவழைக்காதீர்கள், பார்சல் வெயிலில் கிடந்தால் தட்டு வளைந்து வரும். பாட்டு மட்டும் போதும் என்றால் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் பல குழுக்கள் தாங்களே விற்கின்றன, பணம் நேராக அவர்களுக்குப் போகும்.


குடமுருட்டி (திருவையாறு)

கிட்டார் வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும். அந்தக் கலகலப்பு எஃபெக்ட் பெட்டியில் இல்லை. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப், சிதைவு இல்லாத ஆம்ப், அதற்கு முன் ஒரு கம்ப்ரெஸர். கேப்போவை (தந்திகளை அழுத்தும் கவ்வி) இரண்டாவது அல்லது நான்காவது கட்டில் போட்டு, திறந்த தந்திகள் ஒலிக்கும்படி டி, ஜி வடிவங்களைப் பிடியுங்கள். கார்டு மாறினாலும் மேல் இரண்டு தந்தியை அப்படியே விடுங்கள். பன்னிரண்டு தந்தி இல்லாவிட்டால் ஆறு தந்தியிலேயே இரண்டு முறை பதிவு செய்து, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் வையுங்கள். வெட்டிங் பிரசெண்ட் வேகத்துக்கு மெல்லிய பிக், முழங்கை அசையாமல் மணிக்கட்டு மட்டும். நம் ஈரக் காற்றில் தந்தி சீக்கிரம் துருவேறும். துருவேறிய தந்தியில் மேல் ஒலி செத்துவிடும், ஆம்பில் டிரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் வராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள்.


வெண்ணாறு (தஞ்சாவூர்)

அரசலாறு தம்பி, ஒன்று விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் கேசட்டின் பின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தெரியாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. டேப்பை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். மோட்டார், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். பரணில் திரும்ப ஏற்றவே வேண்டாம்.